சான் ரோக்கேயின் முதுகுக்குப் பின்னால்

சுவருக்குள்ளிருந்து எலும்புக்கூடு வந்த நாளோடு ஹினாவன் ஊர்க் கிறிஸ்தவக் கோவிலில் வேலை நின்றுபோனது. கொத்தனார்கள் சாரத்தைக்கூடப் பிரிக்காமல் ஓடிவிட்டார்கள். நாங்கள் போய் இறங்கிய காலையில் கடல், ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல அசையாமல் கிடந்தது. ரேடியோவில் புயலுக்கு இரண்டாம் எண் எச்சரிக்கை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஒரு தென்னை ஓலைகூட ஆடவில்லை.

"காத்தே இல்லையே அக்கா. நல்லதுதானே?" என்றேன்.

"புயல் மூச்ச உள்ள இழுக்குது, தேரியோ. வெளிய விடறதுக்குள்ள வேலைய முடிச்சுட்டுப் படகேறணும்."

பெர்பெத்துவா லுமாயாக் அக்கா முன்பு செபுவில் போலீஸ் இன்ஸ்பெக்டர். மேலதிகாரியின் மருமகனைக் கைது செய்ததற்குப் பிறகு சொந்தமாகத் துப்பறிகிறார். அவருக்கு வண்டி ஓட்டுவது, பை தூக்குவது, அவர் யோசிக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது ஆகிய மூன்றும் என் வேலை. மூன்றாவதற்குத்தான் சம்பளம் போதாது.

கோவில் வாசலில் பங்குச்சாமி கிரினோ காத்திருந்தார். இளவயசு. தூங்கி நாளானது போல முகம்.

"இன்னிக்கு மத்தியானம் அடக்கப் பூசை," என்றார். "பழைய மேயரு, ஊருக்கே பெரியவரு, தோன் அமாதேயோ தன் செலவுல சலவைக்கல்லுல கல்லறை செஞ்சுட்டாரு. 'கொத்தன் ஹுவான்'னு பேரும் வெட்டியாச்சு. நான் இந்த ஊருக்குப் புதுசு. யாரைப் புதைக்கிறோம்னு தெரியாம மண்ணு போட எனக்குக் கை வரல. அதான் உங்களக் கூப்பிட்டேன்."

"ஊர்ல என்ன சொல்றாங்க?"

"கோவில் கட்டின ஸ்பானியச் சாமியார் ஃப்ராய் கஸ்பார், தன் பேச்சைக் கேக்காத ஒரு கொத்தன உயிரோட சுவருல வெச்சுக் கட்டிட்டாராம். சான் ரோக்கே சிலை முதுகுக்குப் பின்னால. மூணு ராத்திரி உள்ளயிருந்து தட்டிக்கிட்டே இருந்தானாம். வருஷா வருஷம் திருவிழாவுல இந்தக் கதைய எல்லார் முன்னாடியும் சொல்லுவாங்க. நிலநடுக்கத்துல சுவரு விரிஞ்சு, சான் ரோக்கே பீடத்த நகத்திப் பாத்தா, சரியா அங்கதான் எலும்பு. எல்லாரும் அதிசயம்ங்கறாங்க."

"அதிசயம் இவ்வளவு சரியா விலாசத்தோட வராது, சாமி," என்றார் அக்கா.

உள்ளே போனோம். பவளக்கல் சுவர்கள் வியர்த்துக்கொண்டிருந்தன. பெரிய பீடத்துக்கு முன்னால் வெள்ளைத் துணி போர்த்திய சின்னப் பெட்டி. தெற்குச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஓர் ஓட்டை. அதன் ஓரமாகப் பீடத்தை இழந்த சான் ரோக்கே, தொடைப் புண்ணைக் காட்டியபடி தரையில் நின்றுகொண்டிருந்தார். அவர் காலடியில் ரொட்டியைக் கவ்விய நாய்.

"சாட்சி ரெண்டும் வாயத் திறக்காது," என்றேன். "ஒருத்தரு மரம். இன்னொருத்தரு வாயில ரொட்டி."

அக்கா பதில் சொல்வதற்குள் பின்னால் கைத்தடி தட்டும் சத்தம் கேட்டது. எண்பதை நெருங்கும் ஒருவர், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் மெதுவாக நடந்துவந்தார். அவருக்குப் பின்னால் கழுத்தே இல்லாத ஒருத்தன். பழைய மேயர், மலையடிவாரம் வரை தோப்பு வைத்திருக்கும் தோன் அமாதேயோ. யாரும் சொல்லாமலே தெரிந்தது. கிரினோ சாமியே இரண்டடி விலகி நின்றார்.

"துப்பறியறவங்களாமே," என்றார் தோன். குரலில் தேன். "எரநூறு வருஷத்துக்கு முந்தி நடந்த கொலைக்கு யாருக்கு விலங்கு மாட்டப்போறீங்க?"

"ஃப்ராய் கஸ்பார் கையில கெடச்சா, அவருக்குத்தான்," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "மத்தியானத்துக்கு மேல படகு கெடையாது. புயல்ல வெளியூர்க்காரங்க யாராவது கடல்ல விழுந்தா, இந்த ஊரு பொறுப்பாகாது." பிறகு பெட்டியின் பக்கம் திரும்பினார். ஒரு நொடி அவர் முகத்திலிருந்து தேன் வழிந்துபோய் வெறும் கிழவன் தெரிந்தான். "பாவம். வலி தெரியாமப் போனவன். இனியாவது அவன சும்மா விடுங்க."

கைத்தடிச் சத்தம் தேய்ந்து மறையும்வரை அக்கா அசையவில்லை. வாயில் போட்டிருந்த காய்ந்த மாங்காய்த் துண்டை மெல்லுவதைக்கூட நிறுத்தியிருந்தார். பிறகு ஓட்டைக்கு மேலே பார்த்தார்.

"தேரியோ, அங்க என்ன தெரியுது?"

"வௌவால்."

"அதுக்குக் கீழ."

"கல்லெல்லாம் வளைஞ்சு நிக்குது. வில்லு மாதிரி."

"சுவருக்கு எதுக்கு வளைவு?"

மெழுகுவத்தித் தண்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்த கோவில்பிள்ளை ஹெர்மோ, கிழவர், தலையைத் தூக்காமலே சொன்னார்: "அது சாவு வாசலுங்க. முந்தியெல்லாம் பொணம் அந்த வழியாத்தான் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும். எங்கப்பா பெட்டியும் அதுவழியாத்தான் போச்சு. நான் மெழுகுவத்தி பிடிச்சுட்டு முன்னால நடந்தேன்."

"எப்ப மூடினாங்க?"

"ராணுவச் சட்டம் வந்ததுக்கு அடுத்த வருஷம். நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. வடக்குப் பக்கம் கூரை ஒழுகுதுன்னு சான் ரோக்கேய இங்க கொண்டுவந்து வெச்சாங்க. அதுக்காக மூடினதுதான்."

கிரினோ சாமி ஓட்டையையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப ஸ்பானியன் காலத்துல இங்க சுவரும் இல்ல, சான் ரோக்கேயும் இல்ல," என்றார் அக்கா.

"ஃப்ராய் கஸ்பார் வாசல்ல ஆள வெச்சு மூடியிருந்தா, ஊர்ப் பொணமெல்லாம் இத்தன காலமா 'கொஞ்சம் தள்ளிக்கப்பா'ன்னு சொல்லிட்டுத்தான் போயிருக்கணும்," என்றேன்.

அக்கா ஹெர்மோவின் பக்கம் திரும்பினார். "அண்ணே, உங்களுக்கு இது தெரிஞ்சிருக்கு. ஏன் இவ்வளவு நாளா யாருகிட்டயும் சொல்லல?"

"கோவில்ல சொல்ற கதைங்க. அதுல போயி குறுக்குக் கேள்வி கேப்பாங்களா?" ஹெர்மோ துடைத்த தண்டையே மறுபடியும் துடைக்கத் தொடங்கினார்.

வெளியே வந்ததும் அக்கா என் தோளைத் தொட்டார். "எலும்பும் பழசு இல்ல, கதையும் பழசு இல்ல. ரெண்டும் ஒரே வயசு. எலும்பு பேசாது, கதை பேசும். அத இந்த ஊர்ல முதமுதல்ல சொன்னது யாருன்னு பிடிக்கணும்."

"சொன்னவன்தான் கொன்னவனா?"

"என்னைக்காவது சுவரு இடிஞ்சா ஊருக்கு என்ன பதில் சொல்றதுன்னு முன்கூட்டியே யோசிச்ச மூளை அது. எனக்கு அந்த மூளைய நெனச்சாத்தான் பயமா இருக்கு."

சந்தையில் பாதிக் கடைகளுக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார்கள். கருவாட்டுக்கடைக் கந்தேலாரியா மட்டும் கூடைகளுக்கு நடுவே மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"கொத்தன் கதையா? எங்கம்மாதான்..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள். "இல்ல, எங்கம்மாவுக்கே நான்தான் சொன்னேன். பள்ளிக்கூட நாடகத்துல பாத்து. நான் அதுல ரெண்டாவது கல்லா நடிச்சேன்."

"முதல் கல்லு யாரு?" என்றேன்.

"செத்துப்போயிட்டா. என்னைவிட நல்லா அசையாம நிப்பா."

"நாடகம் எழுதினது?"

"ஒனோஃப்ரே வாத்தியாரு. கடற்கரைத் தெருவுல நீலக் கதவு. சாக்லேட் குடுப்பாரு, குடிக்காதீங்க. சர்க்கரையே போட மாட்டாரு."

திரும்பி வந்து பார்த்தால், படகுத்துறையில் வாடகைக்கு எடுத்த எங்கள் மோட்டார் சைக்கிளின் மேல் தோனுடன் வந்த அந்தக் கழுத்தில்லாதவன் உட்கார்ந்து மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தான். இரண்டு டயரிலும் காற்று இல்லை. ரப்பர் வாய் பிளந்து கிடந்தது.

"பழைய டயரு போல," என்றான் கத்தியை நக்கியபடி. "நல்லவேளை, படகுத்துறைக்கு நடந்தே போயிடலாம். வேற எங்கயும் போறதுன்னாதான் கஷ்டம்."

எனக்கு வாயில் ஒரு பதில் இருந்தது. அந்தக் கத்தியின் நீளத்தைப் பார்த்ததும் அது உள்ளேயே தங்கிவிட்டது. அக்கா மட்டும் அவனிடம் கையை நீட்டி ஒரு மாங்காய்த் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "புளிப்பு போதாது," என்று சொல்லிவிட்டு கடற்கரைத் தெருவைப் பார்த்து நடந்தார்.

ஒனோஃப்ரே வாத்தியார் வீட்டில் சாக்லேட் கந்தேலாரியா சொன்னபடியே இருந்தது. வாத்தியாரோ, யாராவது தன் நாடகத்தைப் பற்றிக் கேட்க மாட்டார்களா என்று பல வருஷமாகக் காத்திருந்தவர் போலப் பேசினார்.

"ஃப்ராய் கஸ்பாருக்குக் கொத்தன் மேல அப்படி என்ன கோவம்?" என்று கேட்டார் அக்கா.

"எல்லைக்கல்லு. பக்கத்து ஏழைங்க நிலத்தயும் வளைச்சுப்போட, கல்லப் பிடுங்கித் தள்ளி நடச்சொன்னாரு சாமியாரு. கொத்தன் முடியாதுன்னுட்டான்."

"இந்தக் கோவிலுக்கு அந்தக் காலத்துல எவ்வளவு நிலம் இருந்துச்சு?"

வாத்தியாரின் கிண்ணம் பாதி வழியில் நின்றது. "அதாம்மா எனக்கும் இடிச்சுது. தென்னங்கன்னு நடக்கூட எடம் கெடையாது. இங்க இருந்த சாமியாருங்க ஜனங்க குடுத்த அரிசியிலயும் மெழுகுலயும் காலந்தள்ளினவங்க. கடல்கொள்ளைக்காரனுக்குப் பயந்து கோபுரத்துலயே பாதி ராத்திரி கழிச்சவங்க. நிலம் பிடிக்க அவங்களுக்கு ஏது நேரம்? கதையில அந்த எடத்த மாத்திடலாம்னுதான் சொன்னேன். கதைய எனக்குச் சொன்ன பொண்ணு விடல. 'எல்லைக்கல்ல எடுத்துட்டா இந்தக் கதையே வேண்டாம் வாத்தியாரே'ன்னு அழுதுட்டா."

"எந்தப் பொண்ணு?"

"நம்ம சியோன்தான். பீடத்துத் துணியெல்லாம் துவைச்சுத் தேய்ச்சுக் குடுக்கறாளே. அப்ப சின்ன வயசு. அவதான் இன்னிக்கும் திருவிழாவுல கதை சொல்றா. இன்னிக்குப் பூசையிலயும் அவதான்."

தெருவுக்கு வந்தபோது காற்று எழுந்திருந்தது. கடல் பக்கமிருந்து ஒரு தகரம் எங்களைத் தாண்டிப் பறந்து போனது.

"ஒரு சின்னப் பொண்ணு ஆளக் கொன்னு சுவருக்குள்ள வெச்சிருப்பாளா அக்கா?"

"அவ வெச்சிருக்க மாட்டா. ஆனா வெச்சவன் அவ வாயில கதைய வெச்சிருக்கலாம். வா."

கோவிலுக்குப் பின்னால், சியோனின் ஒற்றை அறை வீட்டில் கரி இஸ்திரிப் பெட்டியின் வாசனை. அடக்கப் பூசைக்கான வெள்ளைத் துணியை விரித்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அறுபது தாண்டிய ஒல்லியான பெண். எங்களைப் பார்த்துப் பயப்படவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை.

அக்கா சுற்றிவளைக்கவில்லை. "சியோன் அக்கா, கொத்தன் ஹுவான்னு ஒருத்தன் இந்த ஊர்ல இருந்ததே இல்ல. அந்தக் கதைய உங்களச் சொல்லச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லச் சொல்லல."

"யாரக் காப்பாத்தறதுக்காகச் சொன்னீங்க?"

சியோன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"காப்பாத்தவா?" என்றாள். "எடத்தச் சொன்னேன், காரணத்தச் சொன்னேன். பேர மட்டுந்தான் மாத்தினேன். நாப்பது வருஷமா இந்த ஊரே உக்காந்து கேட்டுச்சு. கோவிலுக்கு ஏது நிலம், அப்புறம் எதுக்கு எல்லைக்கல்லுன்னு ஒரு நாய் கேக்கல. நீங்கதான் முதல் ஆளு."

அக்கா மெதுவாக நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். தான் தப்பாகக் கணக்குப் போட்டால் மட்டுமே அவர் அப்படி உட்காருவார்.

"பேரு என்ன?"

"திர்ஸோ. எங்கண்ணன். நில அளவைக்காரங்களோட சங்கிலி பிடிக்கிற வேல. மலையடிவாரத்துல எல்லைக்கல்லத் தள்ளி நடச்சொன்னாரு தோன் அமாதேயோ. அப்ப அவருதான் மேயரு. இவன் மாட்டேன்னதோட நிக்காம, கோவில்ல பெரிய பீடத்து முன்னாடி வெச்சுப் பேசிக்கலாம்னு அவரையே கூப்பிட்டான். சாயங்காலம் போனவன் வரல." அவள் துணியின் ஒரு சுருக்கத்தைக் கையால் நீவினாள். "நான் விடியக்காலம் துணி எடுக்கக் கோவிலுக்குப் போவேன். முந்தின நாளு இடுப்பளவு இருந்த சாவு வாசல் சுவரு, அன்னைக்குத் தோளளவு இருந்துச்சு. சுண்ணாம்பு ஈரம் காயல. கொத்தனுங்க எல்லாம் கள்ளு குடிச்சுட்டு வெளிய கெடந்தானுங்க. அப்ப யாரு ஏத்தினது?"

"போலீஸ்ல சொல்லலையா?" என்று கேட்டேன்.

"சொன்னேன் தம்பி. சார்ஜென்ட்டு என்ன ஜீப்புல ஏத்தி நேரா தோன் வீட்டு வாசல்ல எறக்கிவிட்டான். அவரு என்ன உக்கார வெச்சு, 'உங்கண்ணன் மின்டானாவோவுக்குக் கப்பலேறிட்டான், நீ உங்கம்மாவப் பத்திரமாப் பாத்துக்கோ'ன்னாரு. பத்திரமாங்கற வார்த்தைய ரெண்டு தடவ சொன்னாரு. பேரச் சொல்லி அழ முடியல. அதான் எரநூறு வருஷத்துக்கு முந்தின பேர வெச்சு அழுதேன். அவன் பாதத்துல ஊரே மெழுகுவத்தி ஏத்துச்சு. அவரும் முதல் வரிசையில உக்காந்து கேப்பாரு. ஒரு தடவகூட என் முகத்தப் பாத்ததில்ல."

வெளியே காற்று ஜன்னலை உலுக்கியது.

"இப்ப என் கதையே அவரக் காப்பாத்துது," என்றாள் சியோன். "அந்தக் கல்லுல ஹுவான்னு பேரு வெட்டி மூடிட்டா, எங்கண்ணன் பொறக்கவே இல்லன்னு ஆயிடும்."

அக்கா எழுந்தார். "எலும்ப செபுவுக்கு அனுப்பினா உங்க ரத்தத்தோட ஒத்துப் பாத்துச் சொல்லிடுவாங்க. அது யாருன்னு தெரிஞ்சிடும். யாரு செஞ்சதுன்னு எலும்பு சொல்லாது. அத ஒருத்தரு வாயாலதான் வாங்கணும்." அவர் சியோனின் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னிக்கும் கதை சொல்லுங்க. நெசப் பேரோட. ஆனா அந்தத் தட்டுற சத்தத்த மட்டும் விட்டுடாதீங்க. அத நல்லா நிறுத்திச் சொல்லுங்க."

"ஏன்?"

"ஊரே அவன் உயிரோட இருந்தான்னு சொல்லுது. ஒரே ஒருத்தரு மட்டும் காலையில வேற மாதிரி சொன்னாரு."

பூசை தொடங்கும்போதே வானம் இருட்டிவிட்டது. புயலுக்கு ஒதுங்க வந்தவர்களும் சேர்ந்து கோவில் நிரம்பி வழிந்தது. பலகைக் கதவுகளைச் சாத்தினார்கள். மின்சாரம் போய், மெழுகுவத்தி மட்டும் எரிந்தது. முதல் வரிசையில் தோன் அமாதேயோ கைத்தடியின் மேல் இரண்டு கைகளையும் அடுக்கி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஊர்ப் போலீஸ் தலைவர், இளைஞர். எங்கள் டயரைக் கிழித்தவன் கதவோரம் நின்றான். நான் அவனுக்கு அருகில் போய் நின்றேன். தைரியத்தால் அல்ல, அக்கா நிற்கச் சொன்னதால்.

சியோன் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று வழக்கமான முதல் வரியைச் சொன்னாள்: "இந்தச் சுவருக்குள்ள ஒருத்தன் இருக்கான்." ஜனங்கள் தலை குனிந்தார்கள். அவர்களுக்குப் பழகிய கதை.

"அவன் பேரு திர்ஸோ அயாக். எங்கூடப் பொறந்தவன்."

குனிந்த தலைகள் நிமிர்ந்தன. அவள் குரலை உயர்த்தவில்லை. அதே வரிகள், அதே ராகம். சாமியார் இருந்த இடத்தில் மேயர், கோவில் நிலம் இருந்த இடத்தில் மலையடிவாரம். தோனின் பெயரையும் அவள் விடவில்லை.

"வயசாயி புத்தி கெட்டுப்போச்சு," என்றார் தோன், திரும்பிப் பார்க்காமல். "யாராவது கூட்டிட்டுப் போய் உக்கார வைங்க."

யாரும் எழவில்லை. பிறகு பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். ஹெர்மோ. கையில் இன்னும் துடைக்கிற துணி.

"அன்னைக்கு நான் சுண்ணாம்பு சுமந்தேங்க," என்றார். குரல் உடைந்தது. "கள்ளுப்பானை அனுப்பினது தோன்தான். 'சுவர நான் பாத்துக்கறேன், நீங்க போய்க் குடிங்க'ன்னாரு. காலையில சுவரு ஏறியிருந்துச்சு. நாங்க எல்லாருமே பாத்தோம்."

"ரெண்டு கிழடுங்களுக்கும் கனவு," என்றார் தோன். போலீஸ் தலைவர் அவரிடமிருந்து ஒரு கை அளவு நகர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

சியோன் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். "முதல் ராத்திரி அவன் தட்டினான். யாரும் வரல." விரலை மடக்கி எலும்புப் பெட்டியின் மரத்தில் மெதுவாகத் தட்டினாள். "ரெண்டாம் ராத்திரி தட்டினான். எங்கம்மாவப் பேரு சொல்லிக் கூப்பிட்டான்." மறுபடியும் தட்டினாள். வெளியே புயல் கதவுகளில் முட்டியது. "மூணாம் ராத்திரி..."

"தட்டல."

கைத்தடி தரையில் விழுந்து உருண்டது. தோன் அமாதேயோ எழுந்து நின்றிருந்தார். உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

"அவன் தட்டவேயில்ல. எத்தன வருஷம்டி இதச் சொல்லுவ? உயிரோட ஒருத்தன வெச்சுக் கட்ட நான் என்ன மிருகமா? ஒரே அடி. வலிகூடத் தெரிஞ்சிருக்காது. கல்லு வெக்கிறப்ப அவன் கை சில்லுனு..."

நின்றுவிட்டார். தான் பேசியது அவர் காதிலேயே அப்போதுதான் விழுந்தது போல. கோவில் முழுக்க இருந்தவர்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கதவைப் பார்த்து நடந்தார். யாரும் தடுக்கவில்லை. ஒதுங்கி வழிவிட்டார்கள். எனக்குப் பக்கத்தில் நின்றவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எங்கோ பார்த்தான். தோன் தாழ்ப்பாளை விலக்கியதும் காற்று கதவைப் பிடுங்கித் திறந்து, மழையை அவர் முகத்தில் அறைந்தது. அந்தப் பக்கம் கடலும் தெருவும் ஒன்றாகியிருந்தன. கொஞ்ச நேரம் நனைந்தபடி நின்றார். பிறகு திரும்பி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். போலீஸ் தலைவர் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "மழை விட்டதும் போலாம், தோன்," என்றார். குரலில் மரியாதை இன்னும் போகவில்லை. கை மட்டும் அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

கிரினோ சாமி பெட்டியின் மேல் கையை வைத்து, "இன்னிக்கு அடக்கம் இல்ல," என்று மட்டும் சொன்னார்.

அக்கா சியோனிடம் போனார். அவள் பெட்டியருகே தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. குழந்தை கேட்பது போல் கேட்டாள்.

"அவரு சொன்னது நெசந்தானே? தட்டலதானே?"

"நெசந்தான் அக்கா. அந்த ஒரு விஷயத்துல அவரு பொய் சொல்லல. தட்டினான்னு நீங்கதானே கதையில சேர்த்தீங்க?"

சியோன் சுவரிலிருந்த ஓட்டையைப் பார்த்தாள்.

"நான் எதையும் சேக்கல," என்றாள். "எனக்குக் கேட்டதத்தான் சொன்னேன்."